அங்கி போட்ட ராக்: சான்ட் பாணிப் பாடல்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி

மெட்டாலிக்கா என்கிற ஹெவி மெட்டல் குழுவின் பாட்டை, துறவி அங்கியால் தலையை மூடிக்கொண்ட பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரே குரலாக, அவசரமே இல்லாமல் பாடினால் எப்படி இருக்கும்? ‘சான்ட்’ என்கிற பழைய தேவாலயப் பாடல் பாணியில் ராக் பாடும் இப்படி ஒரு இசைவகை உண்மையிலேயே இருக்கிறது. அதில் பெரிய பெயர் ‘கிரிகோரியன்’ என்கிற ஜெர்மானியக் குழு. முதல் தடவை கேட்கிறவர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் முழு ஆல்பத்தையும் ஓடவிட்டு, நாலாவது பாட்டு வரும்போது “எல்லாம் ஒரே மாதிரி இருக்கே” என்று எழுந்துபோவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வரிசையாகக் கேட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

அதனால் நான் சொல்லும் வழி வேறு. ஆல்பமாகக் கேட்காதீர்கள். ஒரு பாட்டை எடுத்து, அதன் ஒரிஜினலையும் சான்ட் வடிவத்தையும் ஜோடியாகக் கேளுங்கள். ராக் பாட்டிலிருந்து ட்ரம்ஸின் ஓங்கிய அடியையும் பாடகரின் தனிக்குரலையும் எடுத்துவிட்டால் மெட்டும் சொல்லும்தான் மிஞ்சும். அவை தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்ப்பதில்தான் இந்த இசையின் சுவை.

எது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

‘கிரிகோரியன் சான்ட்’ என்பது ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய வழிபாட்டு இசை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாக இருந்த முதலாம் கிரகோரியின் பெயரில் வழங்குகிறது. அவரே இயற்றினார் என்பது பிற்காலத்தில் கட்டிய கதை. லத்தீன் மொழி, வாத்தியம் கிடையாது, தாளக்கட்டு கிடையாது, எத்தனை பேர் பாடினாலும் ஒரே மெட்டு வரிதான்.

‘கிரிகோரியன்’ குழு செய்வது இது அல்ல. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அடியில் கீபோர்டும் கிட்டாரும் ஓடும், மெதுவான ட்ரம்ஸும் உண்டு. அங்கிக்குள் இருப்பவர்களும் துறவிகள் அல்லர். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் ஸ்டூடியோக்களிலும் பாடிப் பழகிய தொழில்முறைப் பாடகர்கள். சான்ட்டிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒருமித்த ஆண்குரல், அதிர்வில்லாத நேரான சுரம், கல் கட்டடத்தின் எதிரொலி, அந்த நிதானம். அசல் சான்ட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இதன் பின்னால் இருப்பவர் இசைத் தயாரிப்பாளர் ஃபிராங்க் பீட்டர்சன். 1990-இல் எனிக்மா என்ற பெயரில் இசையமைப்பாளர் மைக்கேல் க்ரெட்டு வெளியிட்ட முதல் ஆல்பத்தில் இவரும் வேலை செய்தார். அதில் சான்ட்டும் நடன மெட்டும் கலந்து வந்த ஒரு பாட்டு ஐரோப்பா முழுக்க ஓடியது. அந்த ஆல்பத்தில் இவர் வைத்துக்கொண்ட புனைபெயரே ‘எஃப். கிரிகோரியன்’. அடுத்த வருடம் ‘கிரிகோரியன்’ பெயரில் ஒரு ஆல்பம் போட்டார், அது எனிக்மா சாயலிலேயே இருந்தது. அப்புறம் பல வருட இடைவெளி. தெரிந்த ராக், பாப் பாடல்களையே சான்ட் பாணியில் பாடவைக்கலாம் என்ற எண்ணத்தோடு 1999-இல் வந்ததுதான் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சான்ட்’. இந்த வகைக்குள் நுழைய அந்த ஆல்பம்தான் சரியான வாசல். பின்னால் வந்த ஏராளமான தொகுதிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. ‘கிரிகோரியன்’ என்று மட்டும் தட்டினால் அசல் தேவாலய இசை, தூக்கத்துக்கான மணிக்கணக்கான தொகுப்புகள், யாரோ கணினியில் உருவாக்கிப் போட்டவை எல்லாம் கலந்து வரும். ஆல்பத்தின் பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். 2020 ஊரடங்கு நாட்களில் பரவிய ‘பார்ட்கோர்’ என்கிற வகையும் இடையில் தலைகாட்டும். அது புல்லாங்குழல், யாழ் போன்ற இடைக்கால வாத்தியங்களின் ஒலியில் பாப் பாட்டை வாசிக்கும் விளையாட்டு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு கடை.

அசல் சான்ட்டைப் பத்து நிமிடம்

இந்தப் படியைத் தாண்டிப்போகத் தோன்றும். தாண்டாதீர்கள். ஸ்பெயினின் பூர்கோஸ் மாகாணத்தில் சாந்தோ தொமிங்கோ தெ சிலோஸ் என்று ஒரு மடம் இருக்கிறது. அங்குள்ள துறவிகள் முன்பே பதிவு செய்துவைத்திருந்த பாடல்களை 1994-இல் ‘சான்ட்’ என்ற பெயரில் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அது அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் மூன்றாம் இடம்வரை போனது. ராக் ஆல்பங்களுக்கு நடுவே லத்தீன் ஜெபங்கள்! ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சான்ட்’ போன்ற ஒன்றுக்கு 1999-இல் சந்தை தயாராக இருந்ததற்கு இந்த ஆல்பமும் ஒரு காரணம்.

அதில் ஏதாவது இரண்டு பாடல் கேளுங்கள். இரண்டு விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும். ஒன்று, மூச்சு. வரி எங்கே முடிகிறதோ அங்கே எல்லோரும் ஒன்றாக நிறுத்துகிறார்கள், அந்த மௌனத்தில் எதிரொலி தேய்வது கேட்கும். இன்னொன்று, ஒரே அசையை இழுத்து அதன்மேல் பல சுரங்களை அடுக்குவது. நமக்குக் கச்சேரிகளில் பழகியதுதான். ராக் பாட்டில் பெரும்பாலும் அசைக்கு ஒரு சுரம் என்பதால், சான்ட் பாணி ராக்கில் இந்த இழுப்பு கிட்டத்தட்ட இருக்காது. அசலோடு ஒப்பிட்டால் தட்டையாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

(கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது. நற்கருணை ஆசீரில் ‘மாண்புயர்’ பாடி வளர்ந்தவர்கள் அதன் லத்தீன் மூலமான ‘தாந்தும் எர்கோ’வைத் தேடிக் கேட்டுப் பார்க்கலாம்.)

எதில் கேட்பது, எந்த அறையில்

ஹெட்ஃபோன்தான் நல்லது. சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் வீடுகளில் ஸ்பீக்கரில் போட்டால் அறையே கொஞ்சம் எதிரொலிக்கும். பதிவிலேயே தேவாலய எதிரொலி நிறைய இருப்பதால், இரண்டும் சேர்ந்து சொற்கள் கரைந்துபோகும். போனில் ‘பேஸ் பூஸ்ட்’, ‘கான்சர்ட் ஹால்’ மாதிரி எதையாவது போட்டு வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள். சத்தம் மிதமாக இருக்கட்டும்.

பாட்டு வரிகளை முன்னால் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் ஒன்றாகப் பாடும்போது மெய்யெழுத்துகள் மழுங்கும், எல்லாம் உயிரெழுத்தாகக் கேட்கும். ஒரிஜினலை நன்றாகத் தெரிந்தவர்களுக்கே சில வரிகள் பிடிபடாது.

ஒரு அமர்வுக்கு ஒரு ஜோடி, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

முதல் ஜோடி: நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்

மெட்டாலிக்கா 1991-இல் வெளியிட்ட இந்தப் பாட்டு தொடக்கத்துக்கு நல்ல தேர்வு, ஏனென்றால் இது மாற்றத்தை எதிர்ப்பதில்லை. ஒரிஜினலே மெதுவானது. ஆறு எட்டு என்ற தாள அமைப்பு, நம் காதுக்கு மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. கிட்டாரின் திறந்த கம்பிகளை மீட்டும் எளிமையான தொடக்கம். மெட்டு சின்ன எல்லைக்குள்ளேயே உலவுகிறது.

முதலில் ஒரிஜினலைக் கேளுங்கள். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் குரலில் இருக்கும் கரகரப்பையும், வரி முடிவில் அவர் உறுமுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சான்ட்’ வடிவம். உறுமல் போய்விட்டது, மெட்டு அப்படியே நிற்கிறது. இத்தனை நாள் ஹெவி மெட்டல் என்று ஒதுக்கியவர்கள்கூட இது ஒரு நல்ல தாலாட்டு மெட்டு என்று இங்கே கண்டுகொள்வார்கள். மறுபடி ஒரிஜினலுக்குத் திரும்புங்கள். இரண்டாம் தடவை அது வேறு பாட்டாகக் கேட்கவேண்டும். கேட்கவில்லையா? பரவாயில்லை, அடுத்த ஜோடிக்குப் போகலாம்.

இரண்டாம் ஜோடி, அதோடு ஒரு எதிர் உதாரணம்

கோரஸ் பாடினால் ஒரு பாட்டில் மாறுவது வேகமும் ஒலியும் மட்டுமல்ல. ‘நான்’ என்று சொல்கிற ஆள் மாறிவிடுகிறார். ஒருவர் சொன்னதைப் பன்னிரண்டு பேர் சொல்கிறார்கள். சில பாட்டுக்கு அது வரம், சில பாட்டைக் கொன்றுவிடும். ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சான்ட்’ ஆல்பத்திலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவினுடையது, 1985. 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போர் மனதில் இருந்த காலத்தில் அந்தக் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்க் நாப்ஃளர் எழுதியது. போர்க்களத்தில் சாகக் கிடக்கும் ஒரு சிப்பாய் தன் தோழர்களிடம் பேசுவதாக அமைந்த பாட்டு. ஒரிஜினலில் நாப்ஃளர் பாதி பேசுவதுபோல, முணுமுணுப்பாகப் பாடுவார். பேச முடியாத இடத்தில் கிட்டார் பேசும். சான்ட் வடிவத்தில் அந்த ஒற்றைச் சிப்பாய் ஒரு படையாகிவிடுகிறான். ஒருவன் தோழர்களைப் பார்த்துச் சொன்னதை இப்போது அந்தத் தோழர்களே சேர்ந்து சொல்கிறார்கள், அதுவும் செத்த பிறகு சொல்வதுபோல. இந்த ஆல்பத்தில் என் தேர்வு இதுதான். கிட்டார் பேசியது குறைகிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு, ஆனாலும் கிடைப்பது அதிகம்.

இப்போது எதிர் உதாரணம். ‘டியர்ஸ் இன் ஹெவன்’. ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் நான்கு வயது மகன் 1991-இல் நியூயார்க்கில் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு அவர் எழுதிய பாட்டு. சொர்க்கத்தில் பார்த்தால் என் பெயர் உனக்குத் தெரியுமா என்று ஒரு அப்பா கேட்கிறார். இதைப் பன்னிரண்டு பேர் சீராக, அழகாகக் கேட்கும்போது எனக்கு ஒட்டவே இல்லை. அந்தக் கேள்வி ஒரே ஒரு ஆளுக்குச் சொந்தமானது. சோகமான பாட்டு என்றாலே சோகமான கோரஸுக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடக்கூடாது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். பல பேருக்கு இது பிடித்த பாட்டுதான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் கேட்டுப் பார்த்தால் நான் சொல்லும் வித்தியாசம் பிடிபடும்.

இதற்குப் பிறகு எந்தப் பாட்டை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கையோடு கொண்டுபோங்கள்: இதைச் சொல்வது ஒருவரா, ஒரு கூட்டமா? கூட்டம் சொன்னாலும் பொருள் நிற்குமா?

சுரம் பிடித்துப் பாருங்கள்

கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வசதி. பீட்டர்சன் குழு பாட்டுத் தேர்வுக்கு வைத்திருந்த நிபந்தனைகளில் ஒன்று, மெட்டு ஏழு சுரங்களுக்குள் அடங்கவேண்டும் என்பது. மேற்கத்திய இடைக்கால இசையில் எட்டு ‘மோடு’கள் உண்டு. அவை நான்கு அடிப்படைச் சுரவரிசைகளிலிருந்து பிறப்பவை. சுரத்தை மட்டும் பார்த்தால் அந்த நான்கும் நமக்குத் தெரிந்தவையே: டோரியன் என்பது கரகரப்ரியா, ஃப்ரிஜியன் என்பது தோடி, லிடியன் என்பது கல்யாணி, மிக்ஸோலிடியன் என்பது ஹரிகாம்போஜி. கமகமும் பிரயோகமும் இல்லாததால் ராகமாகக் கேட்காது, சுர அமைப்புதான் ஒன்று.

அதே ஆல்பத்தில் உள்ள ‘ஸ்கார்பரோ ஃபேர்’ பழைய ஆங்கில நாட்டுப்புறப் பாட்டு, டோரியனில் அமைந்தது. கரகரப்ரியாவின் சதுச்ருதி தைவதம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு பழமை வாடை இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு சுரத்தால்தான். ‘லூசிங் மை ரிலிஜன்’ இயற்கை மைனரில் போகிறது, அதாவது நடபைரவியின் சுரங்கள்.

அந்த லூசிங் மை ரிலிஜனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.இ.எம். குழுவின் 1991-ஆம் ஆண்டுப் பாட்டு. துறவி வேடத்தில் பாடுவதைப் பார்த்தால் மத நம்பிக்கையை இழந்தவனின் புலம்பல் என்று தோன்றும். உண்மையில் அது கைகூடாத ஒருதலைக் காதலில் தவிக்கும் ஒருவனைப் பற்றியது. அங்கி பாட்டுக்குத் தவறான அர்த்தம் கொடுக்கிற இடம் இது. ஆனால் மெட்டு மிகக் குறுகிய சுர எல்லையில், ஓதுவதுபோல நகர்வதால் சான்ட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரிஜினலைத் தூக்கி நிறுத்தும் மாண்டலின் இல்லாமலும் நிற்கிறது. அர்த்தம் தவறினாலும் இசை ஜெயிக்கிறது என்றுதான் சொல்லவேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘ஸ்டில் ஐ’ம் சேட்’ என்று யார்ட்பேர்ட்ஸ் குழு 1965-இல் போட்ட பாட்டும் இதே ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ராக் குழு அப்போதே கிரிகோரியன் சான்ட்டைப் பார்த்துத்தான் அதை அமைத்தது. அதாவது 1965-இல் ராக் சான்ட்டிடம் கடன் வாங்கியது, 1999-இல் சான்ட் வட்டியோடு வசூலித்துக்கொண்டது. இந்த ஜோடியில் ஒரிஜினலுக்கும் மறுவடிவத்துக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு.

எது ஒத்துவராது

கிட்டார் ரிஃப்பே, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் துணுக்கே, பாட்டாக இருப்பவை. பாடகரை எடுத்துவிட்டால் ஒன்றுமே இல்லாதவை. சுரத்தை வளைத்து, இரண்டு சுரங்களுக்கு நடுவில் பாடும் ப்ளூஸ் வழிப் பாடல்கள். வேகமாகச் சொற்களை அடுக்குபவையும் தேறாது. எதிரொலி நிறைந்த கட்டடத்தில் ஒரு சொல் தேய்வதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் ஏறிவிடும். சான்ட் நிதானமாக வளர்ந்ததில் கல் கட்டடத்துக்கும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட பாட்டை ஆல்பத்தில் பார்த்தால் தயங்காமல் தாண்டிவிடுங்கள்.

அடுத்து எங்கே

இருண்ட பக்கம் பிடித்திருந்தால் கிரிகோரியனின் 2004 ஆல்பம் ‘தி டார்க் சைடு’. அதில் ‘ஹர்ட்’ பாட்டு இருக்கிறது. நைன் இன்ச் நெயில்ஸ் 1994-இல் வெளியிட்டது, 2002-இல் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் பாடியது, அப்புறம் இந்தக் கோரஸ் என்று மூன்றையும் வரிசையாகக் கேட்கலாம். ஜோடி இங்கே மும்மையாகிறது. எனக்குக் கேஷ்தான், வயதான ஒற்றைக் குரலை எந்தக் கோரஸும் ஜெயிக்க முடியவில்லை.

ஆண்குரல் சலித்துவிட்டால் பெல்ஜியத்துக்குப் போங்கள். ஸ்காலா என்ற பெண்கள் கோரஸை 1996-இல் ஆர்ஸ்கோட் என்ற ஊரில் கோலாச்னி சகோதரர்கள் இருவர் தொடங்கினார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர் பியானோ. அங்கி இல்லை, தேவாலய வேடம் இல்லை. ரேடியோஹெட்டின் ‘க்ரீப்’ பாட்டை அவர்கள் பாடியது 2010-இல் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தின் டிரெய்லரில் வந்து உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பழைய ராக் பாட்டை மெதுவாக்கி, கோரஸ் போட்டு டிரெய்லர் வெட்டும் வழக்கம் பிறகு ஹாலிவுட்டில் தொற்றிக்கொண்டது. இப்போது கேட்டால் அலுப்பாகக்கூட இருக்கும். ஆனால் முதலாவதைக் கேளுங்கள். தன்னைத்தானே வெறுக்கும் ஒரு பையனின் பாட்டை ஒரு கூட்டம் இளம்பெண்கள் பாடும்போது, ‘நான்’ ‘நாங்கள்’ ஆகிற அதே வித்தை இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. கிரிகோரியனில் எங்கும் எனக்கு இந்த அளவு கிடைத்ததில்லை.

மேடை நிகழ்ச்சிகளின் வீடியோவும் கிடைக்கும். ஒளியும் புகையும் அங்கியும் நன்றாகத்தான் இருக்கும். முதலில் காதால் கேட்டுவிட்டு அப்புறம் பாருங்கள், இல்லாவிட்டால் கண் காதை மூடிவிடும்.

நீங்களே பாடிப் பாருங்கள்

வீட்டில் சுருதிப்பெட்டியோ போனில் தம்பூரா செயலியோ இருந்தால் போதும். ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ மெட்டில் பஞ்சமம் சுத்தமாக இருப்பதால் ச-ப சுருதியே சரியாக வரும். ஒரிஜினல் ஈ மைனர், நம் கணக்கில் மூன்று கட்டை. அதைப் பிடிக்க வேண்டாம். கோரஸின் கனம் கீழ்ச் சுருதியில்தான் வரும், அதனால் தொண்டைக்கு வசதியாக இறக்கிக்கொள்ளுங்கள். தாளத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் ஒரே மூச்சில், கமகமும் அதிர்வும் இல்லாமல் நேராகப் பாடுங்கள். வரி முடிந்ததும் இரண்டு மூச்சு அளவுக்குச் சும்மா இருங்கள். பின்னணியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மாறாததால் சில இடத்தில் மெட்டு சுருதியோடு உரசும், அதைத் திருத்தவேண்டியதில்லை. கூட இரண்டு பேர் கிடைத்தால் ஒருவரை அடி ஷட்ஜத்தில் நிறுத்திவிட்டு மற்ற இருவரும் மெட்டைப் பாடலாம். குளியலறை எதிரொலி இதற்கு நன்றாக உதவும், மூன்று பேர் நிற்க இடமிருந்தால்.